மூக்கு செத்தவர்கள்

சுகிர்தாவின் மூக்கு செத்துப் போய்ப் பல வருஷம் ஆகிறது. மல்லிகை தெரியும், கருவாடு தெரியும், பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் தெரியும். கந்தகம் மட்டும் தெரியாது. ஆய்வுக்கூடத்தின் நான்காம் மாடியில் கந்தகத்தோடு மாரடிக்கிற எல்லோருக்கும் இதே கதிதான். முதல் மாதம் குமட்டும், அடுத்த மாதம் தலை வலிக்கும், அதற்குப் பிறகு மூக்கு அந்த ஒரு வாசனையை மட்டும் கைகழுவிவிடும். ஷேர் ஆட்டோவில் பக்கத்து ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்து உட்காரும்போதுதான், வேலை இன்னும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியவரும். தாராளமாக உட்கார இடம் கிடைக்கிறதே என்று அவள் சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்குப் பழகியது அவள் தங்கை பெல்சிக்குப் பழகவில்லை. பெல்சி வேலை பார்த்தது தி.நகர் பட்டுக்கடையில். கல்யாணப் புடவைப் பிரிவில் பாயில் உட்கார்ந்து, ஒவ்வொரு புடவையாக விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவாள். வாங்க மனமில்லாமல் வந்தவர்கள்கூட இரண்டு புடவையோடு போவார்கள். அவளுக்குத்தான் அந்தப் பாழாய்ப் போன காசநோய் வந்தது.

பழைய மருந்துகளையெல்லாம் தின்று ஏப்பம் விட்ட புதிய வகைக் கிருமி அது. அதற்கு அடங்கிய ஒரே மருந்து சுகிர்தாவின் குழு செய்தது. ஐந்து மூலை கொண்ட ஒரு வளையம், அதன் ஒரு மூலையில் கந்தகம். கம்பெனி அதற்கு வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது. நான்காம் மாடியில் அதை வளையல் என்பார்கள். ஊர் வைத்த பெயர் நாத்த மாத்திரை.

விழுங்கிய சில மணி நேரத்தில் நோயாளியின் வியர்வையிலும் மூச்சிலும் அழுகிய முட்டையும் ஊசிப்போன பூண்டும் சேர்ந்த நாற்றம் கிளம்பிவிடும். எந்த சோப்புக்கும் போகாது. நோயை மறைத்து வாழ்ந்தவனையும் மருந்து ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியாக உட்கார வைப்பார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து போவார்கள். அதற்குப் பயந்து மாத்திரையை ஒளித்துவைத்துவிட்டுச் செத்தவர்கள் நிறையப் பேர். பெல்சியைப் பட்டுக்கடையில் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு அனுப்பினார்கள். பட்டு நாற்றத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று காரணமும் சொன்னார்கள்.

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் குணசீலன் வந்து நாசூக்காகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க மேல எப்பவும் ஒரு தீக்குச்சி வாசம் வரும், அது எங்களுக்குப் பழகிப்போச்சு. ஆனா உங்க தங்கச்சி கிட்ட வர்றது வேற. லிப்ட்ல குழந்தைங்க வாந்தி எடுக்குது. அவங்களை மாடிப்படில வரச் சொல்ல முடியுமா?"

நுரையீரல் பாதி போனவளை ஆறு மாடி ஏறச் சொன்னார் அந்த மனிதர். சுகிர்தாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது. நாற்றமில்லாத வளையலைச் செய்தே தீருவது என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டது அன்றுதான்.

அதிலிருந்து சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

இப்போதெல்லாம் புது மருந்துக்கு வடிவம் வரைவது மனிதர்கள் இல்லை, இயந்திரம். நாற்றம் வேண்டாம் என்று கேட்டால் அது சலிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து தள்ளும். கந்தகத்தை எடுத்துவிட்டு அந்த மூலையில் வேறொன்றை வைத்தார்கள். கிருமி அதைத் தின்று கொழுத்தது. கந்தகத்தை வைத்துக்கொண்டு, வளையம் உடையாதபடி சுற்றிலும் முட்டுக் கொடுத்தார்கள். அப்போதும் கிருமி அசையவில்லை. நாற்றம் போனால் மருந்தும் போயிற்று.

நடுவில் ஒரு முறை மட்டும், நாற்றமே இல்லை என்று ஒரு மாத்திரை தேறியது. நான்காம் மாடியே இனிப்பு வாங்கித் தின்றது. நோயாளிகளுக்குக் கொடுத்த அன்றே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, பழைய நாற்றம் அப்படியே இருக்கிறது என்று. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மோந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்த குழுவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் நான்காம் மாடிக்காரர்கள். குருடர்கள் கூடி நிறம் பார்த்த கதை. அந்தக் குழுவுக்குத் தலைவி சுகிர்தா.

"உலகத்துலயே இந்தத் தப்பைச் செய்யக்கூடிய கூட்டம் நாம ஒண்ணுதாம்மா," என்றார் நான்காம் மாடியிலேயே மூக்கைத் தொலைத்த ஆராய்ச்சித் தலைவர் வரதகோபால். கோபத்தில்கூட அவர் குரலை உயர்த்த மாட்டார், அதுதான் இன்னும் வலிக்கும். "கந்தகத்தைக் கட்டிக்கிட்டு ஏன் அழறே? அதை விட்டுட்டு வேற மருந்தைப் பாரு."

"பென்சிலின்லயே கந்தக வளையம் இருக்கு சார். அதை விடச் சொல்லி யாரும் சொல்லலையே."

"பென்சிலின் போட்டவனை யாரும் லிப்டை விட்டு இறக்கி விடலையே," என்றார் அவர்.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் வீடு திரும்பியபோது, சோபாவில் குணசீலன் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சங்கத்து ஆண்டு விழாவுக்கு அழைக்க வந்தாராம். பெல்சி எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சுளிக்காமல் அவர் டம்ளரைக் காலி செய்துவிட்டுப் போனார்.

"கடையில மறுபடியும் கல்யாணப் புடவைக்கே வரச் சொல்லிட்டாவ அக்கா," என்றாள் பெல்சி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

ஆனால் சுகிர்தாவின் நினைப்பு மாத்திரையில் இருந்தது. நாற்றம் இல்லை என்றால் மாத்திரை உள்ளே போகவில்லை. இதைவிட எளிய கணக்கு கிடையாது. இந்தக் கிருமி சளிப் பரிசோதனையில் சிக்கினாலும் சிக்கும், சிக்காமலும் போகும். அதனால் மருந்தகங்களில் நர்ஸ்கள் மோந்து பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. வாசனை வந்தால் ஆள் ஒழுங்கு, வராவிட்டால் ஏமாற்றுகிறார். அந்த வழியைச் சொல்லிக் கொடுத்ததே சுகிர்தாவின் குழுதான். அரைகுறையாக மாத்திரை போட்டால் கிருமி இந்த மருந்துக்கும் பழகிவிடும். அப்புறம் உலகத்தில் கொடுக்க எதுவும் இல்லை. ஆகவே இரண்டு தடவை வாசனை இல்லாமல் வருகிறவரின் பெயரை வெட்டிவிடுவார்கள், பிறகு மாத்திரை கிடைக்காது. பெல்சியை வாசனை இல்லை என்று ஒரு தடவை ஏற்கெனவே எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

"மாத்திரையை என்னட்டி செய்த?"

"போட்டேன்."

"பொய் சொல்லாத. சாக்கடையில கொட்டுனியா?"

"போட்டேன்லா. தினம் போடுதேன்."

"பின்ன ஏன் நாறல?"

பெல்சியின் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துபோனது. "நாறலைன்னு சந்தோஷப்படுவன்னு நெனச்சேன்," என்றாள்.

மறுநாள் சுகிர்தா ஒரு மாத்திரையை எடுத்துப் போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்தாள். போலியாக இருக்கக்கூடாதா என்று நப்பாசை. அசல் மாத்திரைதான். அப்படியென்றால் தங்கை பொய் சொல்கிறாள். அன்று முதல் காலையில் அவள் எதிரே நின்று, தண்ணீரைக் கையில் கொடுத்து, விழுங்க வைத்து, "நாக்கைத் தூக்கிக் காட்டு" என்றாள். நாற்பது வயதுப் பெண் ஐந்து வயதுப் பிள்ளையைப் போல வாயைத் திறந்து காட்டினாள். அடுத்த தடவை மருந்தகத்துக்குச் சுகிர்தாவே கூட்டிக்கொண்டு போனாள்.

கமலவேணி சிஸ்டர் நல்ல மனுஷி. பெல்சியின் கழுத்தருகே குனிந்து மோந்தார், உள்ளங்கையை மோந்தார், வாயை ஊதச் சொன்னார். பிறகு சுகிர்தாவைப் பார்த்தார்.

"வரலைம்மா."

"என் கண்ணு முன்னாடி முழுங்கறா சிஸ்டர்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. முழுங்கிட்டு பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்துடுவாங்க. நான் பாக்காததா. ரூல் உங்க ஆளுங்க போட்டதுதானே, நான் என்ன பண்ணட்டும்?"

பெயரை வெட்டிவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பெல்சி வாயைத் திறந்தாள்.

"ஊரு நம்பல, சரி. நீயும் நம்பலைலா."

"நான் என்னட்டி செய்யட்டு? எனக்கு மூக்கும் இல்ல. மத்தவங்க சொல்லுததைத்தான் நம்பணும்."

"உனக்கு மூக்கு மட்டுமா இல்ல?" என்றாள் பெல்சி. மிச்சமிருந்த மாத்திரை அட்டையை மேஜைமேல் வீசினாள். "ஒரு வருஷமா இதைத் தின்னுட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ போட்டுப் பாரு. லிப்ட்ல ஏறிப் பாரு."

சொன்னவள் கோபத்தில் சொன்னாள். கேட்டவளுக்கு அது தைத்துவிட்டது. மறுநாள் காலையில் பெல்சி வேலைக்குக் கிளம்பிய பிறகு, சுகிர்தா அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினாள். ஆரோக்கியமான உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று அவளுக்குத் தெரியும், சோதித்தது அவர்கள்தானே. நாறட்டும், தங்கை பட்டதில் ஒரு நாள் பங்கையாவது படுவோம் என்று நினைத்தாள். ஷேர் ஆட்டோவில் வழக்கம்போல ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

நான்காம் மாடியில் அவளுக்கு எதிர் மேஜை இத்ரீசுடையது. கிருமிகளை வளர்ப்பது அவன் வேலை. நல்ல பையன், ஆனால் அவன் மூக்கும் செத்ததுதான். அன்று மதியம் அவள் சாப்பாட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவள் தங்கை கதையை மொத்தமும் கொட்டினாள்.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றான். "முதன்முதல்ல நோயில்லாத ஆளுங்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தோமே. அவங்களுக்கு நாத்தம் வந்துச்சா?"

"வரலைன்னுதான் எழுதினோம். ஆனா மோந்து பாத்தது யாரு? நாமதானே. மூக்கு செத்த கூட்டம். வந்திருக்கும், நமக்குத் தெரிஞ்சிருக்காது."

"நானும் இத்தனை நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆனா அதுல என் மச்சான் இருந்தாரு மேடம். ரெண்டு வாரம் மாத்திரை போட்டுக்கிட்டு வீட்லதான் இருந்தாரு. என் தங்கச்சியை உங்களுக்குத் தெரியாது. கறி வாங்கி ஒரு மணி நேரம் ஆயிருந்தா மோந்தே சொல்லிடுவா. வாசம் வந்திருந்தா அவரை வாசல்லயே படுக்க வச்சிருப்பா. ஒரு வார்த்தை சொல்லல."

சுகிர்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இதய நோய்க்காரங்களுக்கு ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை கொடுக்கறாங்களே," என்று இத்ரீஸ் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனான். "அதுலயும் கந்தக வளையம் இருக்கு. விழுங்கறப்ப அது சும்மா கிடக்கும். கல்லீரல் அந்த வளையத்தைத் திறந்து விட்டாத்தான் வேலை செய்யும். நம்ம வளையலைத் திறக்கறது எது? உடம்புன்னு நெனச்சோம். உடம்புன்னா என் மச்சானுக்கும் நாறியிருக்கணும்."

"கிருமி," என்றாள் சுகிர்தா.

"கிருமிதான். தின்ன வந்து வளையத்தை உடைக்குது. உடைச்ச துண்டு அதையே கொல்லுது, மிச்சக் கந்தகம் வெளியே வந்து நாறுது. அதனாலதான் நாத்தம் இல்லாம நாம செஞ்சது எதுவுமே வேலை செய்யல. வளையத்தை உடைய விடாம நாமதான் பூட்டு போட்டோம்."

"அப்ப கிருமியே இல்லைன்னா..."

"உடைக்க ஆள் இல்ல. நாத்தம் இல்ல."

சுகிர்தாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெல்சி மாத்திரையைக் கொட்டவில்லை, வாந்தி எடுக்கவில்லை. பெல்சிக்குச் சுகமாகிவிட்டது. குணமானதற்குத்தான் அவளை நிற்க வைத்து நாக்கைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் முழுதாக நெஞ்சில் இறங்குவதற்குள் அடுத்த நினைப்பு வந்தது. வாசனை இல்லை என்று இதுவரை பெயர் வெட்டியவர்கள் எத்தனை பேர். அவர்களில் ஏமாற்றியவர் எவர், பிழைத்தவர் எவர் என்று இனி யார் சொல்வது. பிழைத்து வந்தவர்களைப் பொய்யர் என்று விரட்டியிருக்கிறோம். ஆறின புண்ணைக் காட்ட வந்தவனை அடித்துத் துரத்திய வைத்தியன் கதைதான் இது.

வரதகோபாலிடம் ஓடினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன, ஆனால் அவர் நினைப்பு வேறு திசையில் ஓடியது.

"அப்ப இது மருந்து மட்டும் இல்லம்மா. பரிசோதனை. ஒரே ஒரு மாத்திரை, சாயங்காலம் ஆள் நாறினா உள்ளே கிருமி இருக்கு. எக்ஸ்ரே வேண்டாம், சளி வேண்டாம். பள்ளிக்கூடம், பேக்டரி, விமான நிலையம், எல்லா வாசல்லயும் வைக்கலாம்."

"வாசல்ல வச்சா, நாறறவனை உள்ளே விடுவாங்களா சார்?" என்று இத்ரீஸ் கேட்டான்.

"அது நம்ம வேலை இல்லப்பா. நாளைக்கு நம்ம வாசல்லயே ஆரம்பிச்சுப் பாக்கலாம். நமக்கு என்ன பயம்?"

"முதல்ல வெட்டின பேரையெல்லாம் திரும்பச் சேர்த்து, யாரு சுகமானவங்கன்னு பாக்கணும் சார்," என்றாள் சுகிர்தா. "என் தங்கச்சி பேர்லேர்ந்து."

"சேத்துடலாம், சேத்துடலாம்," என்றார் அவர், ஏற்கெனவே போனைக் கையில் எடுத்துக்கொண்டே. வாசல் பற்றி இத்ரீஸ் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவளுக்குத் தங்கை முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. சண்டையை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாள்.

வழியில் இறங்கி அல்வா வாங்கினாள். கடைக்காரர் பொட்டலத்தை நீட்டிவிட்டுச் சட்டென்று கையை இழுத்துக்கொண்டதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் லிப்ட் கதவு மூடப்போகும்போது குணசீலன் ஓடிவந்து ஏறினார். இரண்டாம் மாடி தாண்டுவதற்குள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தங்கச்சி மறுபடியும் அந்த மாத்திரையை ஆரம்பிச்சுட்டாங்களா? லிப்ட்ல நிக்க முடியல."

"அவ இன்னும் கடையிலேர்ந்து வரலையே சார். என் மேலதான் தீக்குச்சி வாசம்..."

"தீக்குச்சி இல்ல மேடம்," என்றார் குணசீலன் கைக்குட்டைக்குள்ளிருந்து. "இது அதேதான். அழுகின முட்டை." மூன்றாம் மாடியில் பொத்தானை அழுத்தி இறங்கிக்கொண்டார்.

லிப்ட் மேலே போயிற்று. காலையில் பிதுக்கிய மாத்திரை அப்போதுதான் சுகிர்தாவின் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையை முகத்தருகே கொண்டுபோய் ஆழமாக இழுத்து மோந்தாள். அல்வா நெய் வாசனை வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஒரு வருஷமாக ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் தங்கையின் இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்ததை நினைத்தாள். தனக்கும் கொஞ்ச நாளாகச் சாயங்காலம் உடம்பு கணகணவென்று இருப்பதை, வேலை அலைச்சல் என்று தள்ளிப்போட்டதையும் நினைத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது.

பெல்சி இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்றாள். அவள் மூக்கு விடைத்தது. சுகிர்தா கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே பேசினாள், கிட்டே போகாமல்.

"உனக்குச் சுகமாயிட்டுட்டி. நீ பொய் சொல்லல. கிருமி இருந்தாத்தான் நாறும், இல்லன்னா நாறாது. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். என்னை மன்னிச்சிரு."

பெல்சி அதைக் கேட்டாள். அதற்குப் பிறகும் அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, நீ மாத்திரை போட்டியா?"

"நீதான சொன்ன."

பெல்சி செருப்பைக் கழற்றினாள். நேரே நடந்து வந்து அக்காவின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கும்படி உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, நகரவில்லை. சுகிர்தாதான் நகரப் பார்த்தாள், பெல்சி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அல்வாவைப் பிரித்துத் தின்றார்கள். இருவருமே அழுதார்கள்.

மறுநாள் காலையில் வரதகோபாலிடமிருந்து எல்லோருக்கும் செய்தி வந்திருந்தது. அலுவலக வாசலில் ஆளுக்கு ஒரு மாத்திரை, மாலையில் வெளியே போகும்போது மோந்து பார்ப்பார்கள், ஒத்துழைக்கவும்.

"போகணுமா?" என்றாள் பெல்சி.

"போகணும். அதை நிறுத்தச் சொல்லணும். வெட்டின பேரையெல்லாம் கேக்கணும். நான் கேக்காம வேற யாரு கேப்பா?"

"நாறிக்கிட்டேவா?"

"நாறிக்கிட்டேதான்."

"கமலவேணி சிஸ்டரைப் பாத்துட்டுப் போ. உன் பேரை எழுதட்டு." பெல்சி மேஜையிலிருந்த தன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு, எதிரே இடுப்பில் கை வைத்து நின்றாள். சுகிர்தா விழுங்கினாள்.

"நாக்கைத் தூக்கிக் காட்டு," என்றாள் பெல்சி.

சுகிர்தா வாயைத் திறந்து காட்டினாள்.